ஒன்றரை நிமிடம் காத்திருந்த கம்ப்யூட்டர்

கப்பலின் வயிற்றுக்குள் எந்திரங்களோடு குடித்தனம் நடத்தும் என் அருமை மருமகனுக்கு, தரையில் இருந்தபடியே மூழ்கிக் கரையேறிய உன் மாமன் வரைந்தனுப்புவது.

உன் உடல்நலத்துக்கும், உன் எந்திரங்களின் உடல்நலத்துக்கும், நீ மிதக்கும் கடலின் மனநலத்துக்கும் என் வாழ்த்துகள். இங்கே நானும் உன் அத்தையும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உள்ளத்தைப் பற்றிப் போகப் போகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை ஏன் காகிதத்தில் எழுதுகிறேன், கம்ப்யூட்டரில் தட்டி நொடியில் அனுப்பியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நான் எழுதப்போவதே அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். நோயாளியின் முதுகிலேயே தாளை வைத்து அவருடைய மருத்துவ அறிக்கையை எழுதுவது பண்பாகுமா? ஆகவே காகிதம். உன் கம்பெனி அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். நீ எந்தத் துறைமுகத்தில் கரையேறுகிறாயோ அங்கே உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே, தாங்க மாட்டாய்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீ விடுமுறையில் வந்தபோது, மூச்சிரைத்துக்கொண்டிருந்த எங்கள் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்தாய். "இனிமே இது ஓடும் மாமா, நீங்க சும்மா இருந்தா போதும்" என்று சொன்னாய். நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதில் எனக்கு நிகர் இந்த ஏழு கண்டத்திலும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன் நான். வராத ரயிலுக்காகப் பல்லாயிரம் பேரைக் காத்திருக்கச் சொன்னவன். எனக்கு எதற்கும் அவசரம் கிடையாது. ஆனால் கடந்த செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை வரை இந்த வீட்டில் நடந்தது, நானே ஒலிபெருக்கியில் அறிவிக்கக் கூசும்படியான சம்பவம்.

முதலில் உன் அத்தையின் வேலையைப் பற்றி. முன்னறையில் அவள் தைக்கும் காலணிகள் கடையில் கிடைக்கும் காலணிகள் அல்ல என்பது உனக்குத் தெரியும். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, பாதம் திரும்பியது, விரல் மடங்கியது என்று வருகிறவர்களுக்கு ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்த்து, அளந்து, செய்கிற காலணிகள். அந்த அளவுகள் அத்தனையும் கம்ப்யூட்டரில். இப்போது கையில் இருந்த வேலை ஒரு மருந்துக்கடைப் பெண்ணுடையது. சின்ன வயதில் இடுப்பில் அடிபட்டு ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டை. பழைய கடையில் நாள் முழுக்க நிற்க முடியவில்லை என்று வேலை போய்விட்டது. இப்போது வேறொரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். அங்கேயும் எட்டு மணி நேரம் நிற்கிற வேலைதான். ஆஸ்பத்திரியில் கண்ணாடித் தரை ஒன்றில் நடக்கவிட்டு, பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று சிவப்பும் நீலமுமாகப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்துக்கு அவள் நாற்பது நாள் காத்திருந்தாள். அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, "நாங்க பத்து நாளைக்கு மேல வெச்சிருக்க மாட்டோம், பத்திரமா வெச்சுக்குங்க" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அத்தை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெண்ணின் பழைய ஜோடியைப் பிரித்து மேல்தோலை மட்டும் எடுத்து வைத்துவிட்டாள். ஆக, அந்தப் பெண்ணுக்கு அன்று சொந்தமாக இருந்தது ஒரு கைத்தடியும் யாரோ கொடுத்த செருப்பும்தான். இதை மனதில் வைத்துக்கொள். மீதியெல்லாம் என் கூத்து.

செவ்வாய்க்கிழமை காலையில் அத்தைக்கு ஒத்தாசையாகச் சில வேலைகள் செய்துவிட்டு, ரயில் நிலையத்துப் பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் உறைந்து நிற்கிறது. திரையில் அம்புக்குறி இருக்கிறது, அசையவில்லை. தட்டினேன். தடவினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கடைசியில் அதன் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தேன். பெருமூச்சு ஒன்று விட்டு அணைந்தது. மறுபடி போட்டால் கறுப்புத் திரை, அதில் எறும்புச்சாரை போல வெள்ளை எழுத்துகள், அப்புறம் நெடுநேரம் ஒரு மௌனம், அந்த மௌனத்துக்குப் பிறகு ஓர் அறிக்கை. அந்த அறிக்கையின் சாரத்தை உனக்குத் தமிழில் தருகிறேன்: நிலைமை நெருக்கடி, உள்ளே வர உனக்கு அனுமதி இல்லை, தொடர்வதற்கு எண்டரைத் தட்டு. தட்டினேன். மறுபடி அதே: நெருக்கடி, அனுமதி இல்லை, எண்டரைத் தட்டு. மருமகனே, பதினேழாயிரம் முறை தட்டினேன். எண்டர் மேல் இருந்த எழுத்து அழிந்து என் விரலுக்கு வந்துவிட்டது. வாசலில் நின்று "உள்ளே வராதே, கதவைத் தட்டு" என்று சொல்கிற வீட்டுக்காரனை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன், நீ போட்டுக் கொடுத்த லினக்ஸில்.

செய்தி தெருவில் பரவிவிட்டது. பரப்பியது நான்தான். புதன்கிழமை, தெருமுனையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் செல் டாக்டர் வீட்டுக்கே வந்தார். கம்ப்யூட்டரின் மீது காதை வைத்துக் கேட்டார். அந்தக் காட்சியைக் கண்டு எனக்கே கண் கலங்கியது.

"லினக்ஸா? இதெல்லாம் வீட்ல வெச்சுக்கற பொருளா சார்? சிம்பிள். மொத்தத்தையும் தொடச்சு எடுத்துட்டு புதுசா ஒண்ணு ஏத்திடலாம். ஜம்முனு ஓடும்."

"உள்ள இருக்கற படமெல்லாம்?" என்றாள் உன் அத்தை, கையில் ஊசியோடு.

"அதெல்லாம் போயிடும்க்கா. மெஷின் பொழச்சுக்கும்."

"செருப்பு கடிக்குதுன்னு வர்றவங்களுக்கு நாங்க கால வெட்டி அனுப்பறதில்ல தம்பி. டீ குடிச்சிட்டு கெளம்புங்க."

அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். வீரம் என்றால் அது. ஆனால் வீரத்தால் கம்ப்யூட்டர் திறக்காதே. ஒவ்வொரு முறை போடும்போதும் அதே வெள்ளை எழுத்து, அதே நீண்ட மௌனம், அதே அறிக்கை. அந்த மௌனத்தின்போது நானும் உன் அத்தையும் சண்டை போட்டுக்கொள்வோம். யார் அதிகம் உபயோகித்தது, யார் தூசி தட்டவில்லை, யாருடைய மருமகன் இதைப் போட்டது என்று. சண்டை சூடு பிடிக்கும்போது சரியாக அறிக்கை வந்துவிடும். அவ்வளவு நேரம் தவறாத இயந்திரம். என் ரயில் நிலையத்தில் இருந்திருந்தால் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

வியாழக்கிழமை நான் நேரடியாகக் களத்தில் இறங்கினேன். பொது நூலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒருவர் விவரம் தெரிந்தவர். "ஒரு பென் டிரைவ்ல லினக்ஸ எழுதி எடுத்துட்டுப் போங்க சார். அத சொருகி ஆரம்பிச்சா உள்ள போயி பாக்கலாம்" என்றார். உடனே வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் இந்த வயதில், இந்த முழங்காலோடு, காற்று என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது. அத்தையின் மேஜை இழுப்பறையில் சாம்பல் நிறத்தில் ஒரு பென் டிரைவ் கிடந்தது. எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினேன். அந்த அம்மாள் அதைச் செருகிவிட்டுக் கையை நிறுத்தினார்.

"இதுல ஏதாச்சும் இருக்கா சார்? எழுத ஆரம்பிச்சா உள்ள இருக்கறது சுத்தமா போயிடும். திரும்ப எடுக்க முடியாது."

"பெரிய காரியத்துக்காகச் சிறியது போகட்டும் அம்மா."

"ஒரு தடவ தெறந்து பாத்துடலாமே சார்?"

"நேரமில்லை அம்மா. வீட்டில் ஓர் உயிர் ஊசலாடுகிறது. எழுதுங்கள்!"

எழுதினார். இப்போது இதை எழுதும்போதுகூட அந்த 'எழுதுங்கள்' என் காதில் ஒலிக்கிறது. ஒலிபெருக்கியில்லாமலே நூலகம் முழுக்கக் கேட்டது. படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, பென் டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தினேன். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கல்யாண வீட்டில் அழைக்காத விருந்தாளியைத் தாண்டிப் போவதுபோலத் தாண்டிப்போய், அதே கறுப்புத் திரையில் நின்றது. தொடங்கும்போதே ஏதோ ஒரு விசையை அழுத்திச் சொல்ல வேண்டுமாம், இதிலிருந்து ஆரம்பி என்று. அது எனக்கு அப்போது தெரியாது. அந்த நேரம் பார்த்து உன் அத்தை உள்ளே வந்தாள். முகத்தில் மூன்று நாளாக இல்லாத ஒரு தெளிவு.

"ஏங்க, மூளையே வேல செய்யல எனக்கு. ஆஸ்பத்திரில குடுத்த பென் டிரைவ் இருக்கே! அத லைப்ரரில குடுத்து அச்சு எடுத்துட்டு வந்துட்டா முடிஞ்சுது. இது எப்ப வேணா சரியாகட்டும். அத எங்க வெச்சீங்க?"

நான் கம்ப்யூட்டரை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"சாம்பல் கலர்ல. என் மேஜைல இருந்துச்சு."

நான் கம்ப்யூட்டரின் பக்கவாட்டைக் கையால் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். பிடுங்கினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "உள்ள இருந்தது?" என்றாள். நான் வராத ரயில்களை அறிவித்தவன், ரத்தான ரயில்களை அறிவித்தவன், அன்று என் தொண்டையிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதுவே அவளுக்கு அறிவிப்பாகிவிட்டது. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். திட்டவில்லை, மருமகனே. அந்தப் பெண்ணுடைய பிரித்துப்போட்ட காலணியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மேல்தோலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதில் தூசியே கிடையாது.

வெள்ளிக்கிழமை மாலை, அளவு போட்டுப் பார்க்க அந்தப் பெண் வந்தாள். தடி முதலில், குட்டைக் கால் அடுத்து, மற்றக் கால் கடைசியில். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், படி ஏறுவது அவள்தான் என்று. உண்மையைச் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றேன். "பயணிகளின் கனிவான கவனத்துக்கு" என்கிற தொனி தானாகவே குரலில் ஏறிக்கொண்டது. அத்தை என்னை நிறுத்திவிட்டு, நாலே வார்த்தையில் சொல்லி முடித்தாள்.

"மறுபடி படம் எடுக்க எத்தன நாள் ஆகும்க்கா?"

"கேட்டேன்மா. அங்க இருந்ததையும் அழிச்சுட்டாங்களாம். மறுபடி எடுக்க அம்பது நாளாவது ஆகுமாம்."

அவள் தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "திங்கக்கெழம சேரணும்க்கா. மொத நாளே ஒரு ஸ்டூல் குடுங்கன்னு கேட்டா… போன கடைலயும் அப்படித்தான் ஆரம்பிச்சுது." அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு அந்த அறையில் எங்கே நிற்பதென்று தெரியவில்லை. கிளம்புவதற்கு எழுந்தவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"நான் ஒரு தடவ பாக்கலாமா சார்?"

"பார்க்க என்னம்மா இருக்கு? வெறும் எழுத்துதான்."

"எழுத்துதானே சார், படிச்சிடலாம். டாக்டருங்க எழுதறதையே படிக்கறேன்."

மருமகனே, இந்த வீட்டில் அந்தத் திரையை ஆராயாதவர் இல்லை. நான் ஆராய்ந்தேன், அத்தை ஆராய்ந்தாள், செல் டாக்டர் காது வைத்தே ஆராய்ந்தார். ஒருத்தர்கூட அதைப் படிக்கவில்லை. அவள் தடியைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினேன். வெள்ளை எழுத்து ஓடியது; மௌனம் வந்தது. பழக்க தோஷத்தில் நான் அத்தையைப் பார்த்து, "அன்னிக்கே சொன்னேன், உன்…" என்று ஆரம்பித்தேன்.

"ஷ்ஷ்! இருங்க சார்" என்றாள் அந்தப் பெண். வாழ்க்கையில் என்னை யாரும் அப்படி அடக்கியதில்லை. "கீழ ஒரு வரி இருக்கு பாருங்க. நொடி எண்ணிட்டிருக்கு. ஒன்றரை நிமிஷம் வரைக்கும் காத்திருப்பேன்னு போட்டிருக்கு."

"எதுக்குக் காத்திருக்குது?"

"ஒரு டிஸ்க்குக்கு. பேரு போட்டிருக்கு. கா… காப்பு. 'காப்பு'ன்னு உங்ககிட்ட ஏதாச்சும் டிஸ்க் இருக்கா? அது வரும் வரும்னு தேடுது. வரலேன்னதும்தான் நெருக்கடின்னு சொல்லுது. இது கெட்டுப்போகல சார். வர வேண்டியது வரல, அதான் நிக்குது."

அதைக் கேட்டதும் என் மயிர்க்கால்கள் எழுந்து நின்று மரியாதை செய்தன. வர வேண்டியது வரவில்லை என்பதற்காக நிற்பது! முப்பத்திரண்டு வருடம் நான் பேசிய மொழி அல்லவா அது! என் சாதிசனத்தை நான்தான் அடையாளம் காணாமல் பதினேழாயிரம் தடவை தட்டியிருக்கிறேன்.

"அப்படி ஒரு பொருள் இந்த வீட்டில் கிடையாதே அம்மா" என்றேன்.

உன் அத்தை எழுந்தாள். ஒன்றும் சொல்லாமல் வேலை மேஜைக்குப் போனாள். அங்கே யாரோ ஒருவருடைய காலணிகள் ஒட்டுக்குப் போட்டிருந்தன. அடிப்பாகத்துக்குப் பசை தடவி ஒட்டினால் அதன் மேல் நல்ல கனமாக எதையாவது ஏற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும். இஸ்திரிப்பெட்டி, இரும்புக்கட்டி, அகராதி இரண்டு பாகம் என்று வரிசையாக ஏறியிருக்கும். அந்த வரிசையில் கடைசியாக, செங்கல் கனத்தில், கறுப்பாக ஒரு பெட்டி. நீ கம்ப்யூட்டரோடு கட்டிவைத்துவிட்டு, "இதுல எல்லாத்துக்கும் ஒரு நகல் தானா ஏறிட்டே இருக்கும், யாரும் கைவெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போன பெட்டி! அத்தை அதை இரண்டு கையாலும் எடுத்து வந்தாள். அடியில் பசை ஒட்டியிருந்தது. மேஜைமேல் வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் குற்றச்சாட்டும் விசாரணையும் தீர்ப்பும் அடுத்தடுத்து வந்து போயின. நானும் யோசித்தேன். எடை தேடிக் கொண்டுவந்து வைப்பது இந்த வீட்டில் என் இலாகா. செவ்வாய்க்கிழமை காலை எடை எடுத்து வைத்தது நான். பேச்சு வாக்கில் கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கி வைக்கிற ஆசாமி நான். ஒருமுறை அத்தையின் கைப்பையையே வைத்தவன். ஆக நானேதான் பிடுங்கியிருக்கிறேன். எந்திரம் நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது அதன் வாயிலிருந்து கவளத்தைப் பிடுங்கியிருக்கிறேன். அது திகைத்து உறைந்ததைக் கண்டு, கழுத்தை நெரித்தது போலப் பொத்தானையும் அழுத்தியிருக்கிறேன். அதைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இன்னொரு நகலையும் அழித்திருக்கிறேன். தலை தானாகத் தாழ்ந்தது. அந்தப் பெண் எதிரிலேயே, "குற்றவாளி இங்கே இருக்கிறான்" என்று எழுந்து நின்று சொன்னேன். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வேண்டாம், நீ என்னைத் தேற்றாதே" என்று கையமர்த்திவிட்டேன்.

அப்புறம் பெட்டியின் கம்பியைப் பின்னால் செருகிப் பொத்தானை அழுத்தினோம். இந்த முறை மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. காணாமல்போன பெட்டி வந்ததை எந்திரம் கண்டது. கண்டதும் சும்மா விடவில்லை. அதன் உடம்பு முழுக்கச் சோதனை போட ஆரம்பித்தது. பத்து சதவீதம். முப்பது. அறுபத்தொன்றில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அந்தப் பெண் தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அத்தையின் கைவிரல்கள் தானாக எதையோ தைத்துக்கொண்டிருந்தன. நான் அந்த நேரத்தில் உலகத்தில் உள்ள அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன், உன்னிடம் இரண்டு முறை. அறுபத்திரண்டு. பிறகு ஓட்டமாக ஓடி நூறைத் தொட்டது. நீ வைத்துவிட்டுப் போன நீல நிறத் திரை வந்தது.

அத்தை கோப்பைத் திறந்தாள். இரண்டு பாதங்கள். குட்டைக் காலின் முன்பாதத்தில் மட்டும் ரத்தமாய்ச் சிவப்பு. அந்தப் பெண் தன் பாதத்தை அப்படிப் பார்த்ததில்லை போலிருக்கிறது, ஆஸ்பத்திரியில் காட்டவில்லையாம். "இவ்வளவையுமா அந்த ஒரு எடத்துல தாங்கிட்டிருந்தேன்?" என்று கேட்டாள். "இனிமே தாங்க வேணாம்" என்று சொல்லிவிட்டு அத்தை அங்கேயே காலணிக்குள் உயரம் கொடுக்கிற தக்கையை வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஜோடி தயார். திங்கட்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். நான் உள்ளறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். டக், டக். இரண்டும் ஒரே சத்தம். தடி ஓசை இல்லை. நான் கண்ணைத் திறந்து வந்து பார்த்தால், அதை வாசலில் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மருமகனே, நான் திருந்திவிட்டேன். கம்ப்யூட்டரைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, அதற்குள் என் காலும் கையும் போவதில்லை என்று விதித்துக்கொண்டேன். எடை இலாகாவிலிருந்து ராஜினாமா செய்துவிட்டேன். பிராயச்சித்தமாக இந்த வீட்டின் பாத்திரங்கள் அனைத்தையும் மூன்று வேளையும் நானே கழுவுகிறேன். அடுத்ததாக ஜன்னல்களைத் துடைப்பதாக உன் அத்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உலக சரித்திரத்தில் தன் குற்றத்தைத் தானே அறிவித்த அறிவிப்பாளன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். உன் கப்பல் எந்தக் கரை சேர்ந்தாலும் நேரத்துக்குச் சேரட்டும்; உன் எந்திரங்கள் உன் பேச்சைக் கேட்கட்டும்; நீ குறைவில்லாமல் தின்று, நிறைவாகத் தூங்கி, எழுபது கடலையும் கண்டு திரும்பி வா.

இப்படிக்கு,
தன் தவற்றால் தாழ்ந்து, அதை ஒப்புக்கொண்டதால் சற்றே உயர்ந்து நிற்கும்
உன் மாமன்

பின்குறிப்பு: தம்பி, அத்தை எழுதறேன். மாமா இந்தக் கடுதாசிய பசை போட்டு ஒட்டச் சொல்லி எங்கிட்ட குடுத்தாரு, ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். அந்தப் பெட்டிய எடுத்தது நான்தான்ப்பா. அன்னிக்கு மாமா ஸ்டேஷனுக்குப் போனப்புறம் ஒரு ஷூவுக்கு எடை பத்தல. கண்ணுல பட்டுச்சு, அளவும் சரியா இருந்துச்சு, கம்பியப் புடுங்கிட்டு எடுத்து வெச்சுட்டேன். அப்புறம் சுத்தமா மறந்துபோச்சு. அந்தப் பொண்ணு பேரப் படிச்சப்பதான் பகீர்னுச்சு. மாமாவ நான் பாத்தது, கண்டுபிடிச்சுட்டாரோன்னு பயந்துதான். அவரா எந்திரிச்சு நின்னு குற்றவாளின்னுட்டாரு. சொல்ல வாயெடுத்தேன், கைய நீட்டித் தடுத்துட்டாரு. அப்புறம் ரெண்டு தடவ சொல்லப் போனேன். ரெண்டு தடவயும் பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தாரு, அவ்வளவு சுத்தமா தேய்க்கறாரு, எனக்கு மனசு வரல. கண்டிப்பா சொல்லிடுவேன். ஜன்னல் மொத்தம் பதினொண்ணு, இதுவரைக்கும் நாலு முடிஞ்சிருக்கு.